வேலையை விட்டால் பணம் கட்டச் சொல்லும் ‘பாண்ட்’: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஒட்டுக்கடை மேசையில் தேநீர்க் கறை பட்டுவிடக் கூடாது என்று, அந்தப் பெண் ஒப்பந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடியே என்னிடம் நீட்டினார். பீடோங்கிலிருந்து தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குப் போய்வரும் 22 வயதுப் பிள்ளை. அடிப்படைச் சம்பளம் 1,900 ரிங்கிட். ஐந்து பக்க ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், 24 மாதங்கள் முடிவதற்குள் விலகினால் பயிற்சிச் செலவாக 12,000 ரிங்கிட் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. மற்ற வரிகளெல்லாம் ஒரே எழுத்துருவில் இருக்க, அந்தத் தொகை மட்டும் வேறு எழுத்துருவில், முன்பே காலியாக விட்டிருந்த இடத்தில் நிரப்பப்பட்டிருந்தது. “கையெழுத்து போட்டாச்சு அங்கிள், இனி என்ன செய்ய முடியும்?” என்றார். தோட்டத்து வேலை முடிந்து நேரே வந்திருந்த அவருடைய தாய், “ஜாமீன் கையெழுத்து நான்தான் தம்பி போட்டேன்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அந்த இருவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். காகிதத்தில் ஒரு தொகை அச்சாகியிருக்கிறது என்பதற்காக மட்டும் அது உங்கள் கடனாகிவிடாது. அதே சமயம், அந்தக் காகிதத்தை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டு நடக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் எவ்வளவு, அதில் எப்படிக் கால் ஊன்றுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு.

முதற்படி: கையில் இருப்பது எந்தக் காகிதம்?

‘பாண்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறு கடமைகளை நம் மக்கள் அடக்கிவிடுகிறார்கள். முன்னறிவிப்பு கொடுக்காமல் போனால் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை ஒன்று. அது சட்டத்திலேயே உள்ளது. வேலையில் சேரும்போது கொடுத்த ஊக்கத்தொகையைத் திருப்பிக் கேட்பது இன்னொன்று. பயிற்சிக்குச் செலவிட்டோம், இத்தனை மாதம் இருக்க வேண்டும், இல்லையேல் இவ்வளவு கட்டு என்பது மூன்றாவது. இந்தக் கட்டுரையின் மையப்பொருள் அதுதான். விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்பது நான்காவது.

நான்காவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது குறைவு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கோத்தா பாருவில் ஒரு வழக்கறிஞர், வேலையை விட்ட பின் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த நகரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்தார். அந்த நிபந்தனை செல்லாது என்று 1964லேயே நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனால் பயிற்சி பாண்ட் உங்களை வேறு தொழில் செய்யாதே என்று சொல்வதில்லை. போகலாம், பணத்தை வைத்துவிட்டுப் போ என்கிறது. ஆகவே 28ஆம் பிரிவை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இதை எதிர்க்க முடியாது. தோட்டப் பக்கத்தில் பலர் தடுமாறும் இடம் இது.

இரண்டாம்படி: சட்டம் எங்கே நிற்கிறது?

மலேசியாவில் பயிற்சி பாண்டைத் தடைசெய்யவோ அதற்கு உச்சவரம்பு விதிக்கவோ தனிச் சட்டப்பிரிவு இல்லை. பாதுகாப்பு பல சட்டங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அவற்றில் முதன்மையானது ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது அந்தத் தொகைக்கு மேற்படாத ‘நியாயமான இழப்பீடு’ மட்டுமே என்று அது சொல்கிறது. அதாவது அச்சான 12,000 என்பது கூரை, தரை அல்ல.

இந்த ‘நியாயமான’ என்ற சொல்லுக்குக் கூட்டரசு நீதிமன்றம் இரண்டு முறை விளக்கம் கொடுத்துள்ளது. செல்வகுமார் எதிர் தியாகராஜா என்ற 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பணம் கேட்பவர் தமக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பை நிரூபிக்க வேண்டும் என்றது. 2019இல் சட்ட ஏடுகளில் வெளியான கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் வழக்கின் தீர்ப்பு அந்த நிலையை மாற்றியது: எல்லா வழக்கிலும் இழப்பைக் காசு காசாக நிரூபிக்கத் தேவையில்லை; பணம் கேட்பவருக்குப் பாதுகாக்கத் தகுந்த நலன் இருக்கிறதா, கேட்கும் தொகை அதற்கு அளவொத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவருடையது. இரண்டுமே வேலை ஒப்பந்த வழக்குகள் அல்ல. ஒன்று இரண்டு மருத்துவர்களுக்கிடையே கிளினிக் கைமாறியது பற்றியது, மற்றொன்று சொத்து வாங்கக் கட்டிய முன்பணம் பற்றியது. ஆயினும் பாண்ட் வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அளக்கும் முழம் இதுதான். நிரூபிக்கும் பொறுப்பு இப்போது தொழிலாளி பக்கம் சாய்ந்துவிட்டதனால்தான், ஆதாரங்களை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள் என்று பின்னால் வற்புறுத்தப் போகிறேன்.

நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வழிவந்தது என்பதால், இந்தியாவில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாண்டு முடிவதற்குள் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஆள் தேர்வுக்குச் செய்யும் செலவையும், அதிகாரியின் பதவியையும் சம்பளத்தையும் கருத்தில் கொண்டே அப்படி முடிவெடுத்தது. இங்கே அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் முதலாளி தரப்பு அதை எடுத்துக்காட்டக் கூடும். 1,900 ரிங்கிட் வாங்கும் இயந்திரப் பணியாளரின் நிலைமை ஒரு வங்கி மேலாளரின் நிலைமை அல்ல என்பதே அதற்குத் தகுந்த மறுமொழி.

வேறொரு வழியில் போன இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஏபி 692 என்ற சட்டத்தின் மூலம், 2026 ஜனவரி 1 முதல் செய்யப்படும் வேலை ஒப்பந்தங்களில், விலகினால் பணம் கட்டு என்னும் நிபந்தனையைச் சில விதிவிலக்குகளோடு தடைசெய்துள்ளது. மீறினால் தொழிலாளி ஒருவருக்கு உண்மையான இழப்பு அல்லது 5,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அது. சேரும்போது கொடுத்த ஊக்கத்தொகையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் வட்டி கூடாது, கட்டுப்படுத்தும் காலம் இரண்டு ஆண்டுக்கு மேற்படக் கூடாது, பணியில் இருந்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும், கையெழுத்திடும் முன் வழக்கறிஞரைப் பார்க்க ஐந்து வேலை நாட்கள் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்றும், சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய பயிற்சியைத் தொழிலாளிக்கு இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. இப்படி ஒரு தெளிவான பிரிவு நமக்கும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் இந்தியர்களுக்கு 1910இல் நிறுத்தப்பட்டது. முன்பணக் கடனைக் காட்டி ஆளைத் தோட்டத்தில் நிறுத்தி வைத்த கதைகளைப் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் குளிரூட்டிய அறையில் அதே கணக்கில் கையெழுத்திடுவதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

மூன்றாம்படி: கையெழுத்துக்கு முன்

இங்கே செலவிடும் அரை மணி நேரம் பின்னால் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஓரிரு நாள் கேளுங்கள். மறுக்கும் நிறுவனம் உங்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி என்ன, யார் நடத்துவது, எத்தனை நாள், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மூத்த தொழிலாளி பக்கத்தில் நின்று இயந்திரத்தைக் காட்டுவது வேலையில் சேரும் எல்லோருக்கும் நடப்பது. அதற்கு ஆயிரக்கணக்கில் விலை போடுவதை ஏற்காதீர்கள்.

தொழிலாளர் பயிற்சி நிதியை நடத்தும் எச்ஆர்டி கோர்ப்பைப் பற்றியும் கேளுங்கள். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன் வரம்புக்குள் வரும் துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிகள், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைப் பயிற்சி நிதிக்குக் கட்டி, பிறகு பயிற்சிச் செலவை அதிலிருந்து கோருகிறார்கள். உங்கள் பயிற்சிக்கான பணம் அந்த நிதியிலிருந்து ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டதென்றால், உங்களிடம் கேட்பதற்கு மிஞ்சியிருப்பது என்ன? இந்த ஒரு கேள்வியே பல கடிதங்களின் தொனியை மாற்றிவிடும்.

பாண்ட் இருந்தே தீரும் என்றால், மாதத்துக்கு மாதம் தொகை குறைய வேண்டும், நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் பாண்ட் செல்லாது என்று இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். காலி இடம் விட்ட தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். பெற்றோரை ஜாமீன் போடச் சொன்னால் இருமுறை யோசியுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமமானது. அதன் மறுபக்கத்தையும் அந்தத் தாயிடம் சொன்னேன்: மகளின் கடன் குறைந்தால் ஜாமீனும் அவ்வளவுக்குக் குறையும்.

எஸ்பிஎம் என்னும் பள்ளியிறுதித் தேர்வு எழுதிய கையோடு 17 வயதில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வலுவான கவசம் ஒன்று உண்டு. சிறார், இளையோர் வேலைவாய்ப்புக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர் வேலை ஒப்பந்தம் செய்ய அனுமதிக்கிறது. ஆனால் அதை அவர் மீறினால் அவரிடமிருந்து இழப்பீடோ முன்னறிவிப்பு ஈட்டுத்தொகையோ பெற முடியாது என்றும் சொல்கிறது.

நான்காம்படி: கையெழுத்து போட்டாகிவிட்டது என்றால்

முதலில் உண்மையான கணக்கைப் போடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெண்ணோடு சேர்ந்து நான் போட்ட கணக்கு இது. மூன்று வாரம் ஒரு மூத்த பணியாளர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். அதைப் பயிற்சிச் செலவாக நாங்கள் ஏற்கவில்லை. வெளியே நடந்த பாடப்பயிற்சிக்குக் கட்டணம், தங்குமிடம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 3,600 ரிங்கிட். அவர் 24 மாதத்தில் 15 மாதம் வேலை செய்துவிட்டார். மீதி 9 மாதம். 3,600ஐ 24ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 1,350 ரிங்கிட். கேட்பது 12,000, நியாயமாகச் சொல்லத்தக்கது 1,350. இந்த இடைவெளிதான் உங்கள் வாதம்.

சட்டம் இந்தச் சூத்திரத்தை எழுதி வைத்திருக்கவில்லை. கோர்ட் வேறு விதமாகவும் கணக்கிடலாம். ஆனால் பயிற்சியின் பலனை நிறுவனம் 15 மாதம் அனுபவித்துவிட்ட பிறகும் முதல் நாள் தொகையையே கேட்பது அளவொத்ததா என்ற கேள்விக்கு, இப்படி ஒரு கணக்கை முன்வைக்காமல் பதில் சொல்ல முடியாது. பயிற்சி அட்டவணை, வருகைப் பதிவு, சான்றிதழ், அந்த நாட்களில் வந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றைப் படமெடுத்து, நிறுவனத்தின் கைப்பேசியில் அல்லாமல் உங்கள் சொந்தக் கைப்பேசியில் வையுங்கள்.

முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். தீர்வை கட்ட வேண்டிய ஆவணத்தில் முத்திரை இல்லையென்றால் கோர்ட் அதைச் சாட்சியமாக ஏற்காது என்பது உண்மை. ஆனால் தண்டத்தோடு தீர்வையைப் பின்னால் கட்டிச் சரிசெய்துகொள்ள நிறுவனத்தால் முடியும்.

ஐந்தாம்படி: முறையாக விலகுதல்

கோபத்தில் மறுநாளே போகாமல் நின்றுவிடுவது, நம் பக்கத்தில் உள்ள நியாயத்தை நாமே கெடுத்துக்கொள்வது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். அதன் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தொழிலாளி மூன்று மாதம், முதலாளி ஒரு மாதம் என்று எழுதியிருந்தால் அது இந்தப் பிரிவுக்கு மாறானது. ஒப்பந்தத்தில் காலம் எதுவும் எழுதவில்லையென்றால், இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். காத்திருக்க முடியாதவர் 13ஆம் பிரிவின்படி அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கட்டிவிட்டு உடனே விலகலாம். 2023 ஜனவரி 1 முதல் இந்தச் சட்டம் சம்பள அளவு பார்க்காமல் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்துகிறது. 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு மிகைநேரப் படி போன்ற சில பிரிவுகள் மட்டுமே பொருந்தா.

கடிதத்தில் மூன்று வரி போதும்: விலகும் தேதி, முன்னறிவிப்புக் காலம், பொறுப்புகளை ஒப்படைக்கத் தயார் என்பது. பாண்ட் தொகையை ஒப்புக்கொள்வதாகவோ தவணையில் கட்டுவதாகவோ அதில் எழுதாதீர்கள். பெற்றுக்கொண்டதாக ஒரு நகலில் கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் போடுங்கள்.

ஆறாம்படி: கடைசிச் சம்பளம்

அதிகம் சண்டை நடப்பது இங்கேதான். முன்னறிவிப்பு முடிந்து விலகினால், கடைசி நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பது அதே வேலைவாய்ப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை 24ஆம் பிரிவு வரையறுக்கிறது: தவறுதலாகக் கடந்த மூன்று மாதத்துக்குள் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்னறிவிப்பு ஈட்டுத்தொகை, வட்டியில்லாச் சம்பள முன்பணம், வேறு சட்டம் அனுமதிக்கும் பிடித்தம் ஆகியவை முதலாளி தாமாகப் பிடிக்கக்கூடியவை. வேறு சில பிடித்தங்களுக்குத் தொழிலாளியின் எழுத்துமூல வேண்டுகோள் தேவை. அவற்றிலும் சிலவற்றுக்குத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். பயிற்சி பாண்ட் என்ற பெயர் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

ஒரு மாதத்தில் பிடிக்கும் மொத்தத் தொகை சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆனால் கடைசிச் சம்பளத்திலிருந்து, முதலாளிக்குச் சேர வேண்டிய பாக்கியைப் பிடிக்கும்போது இந்தப் பாதி வரம்பு பொருந்தாது என்று அதே பிரிவு சொல்வதால், நிறுவனங்கள் அந்த வரியைக் காட்டுவதுண்டு. அது வரம்பைத் தளர்த்துகிறதே தவிர, தகராறில் உள்ள பாண்ட் தொகையை முதலாளி தாமே தீர்ப்பெழுதிப் ‘பாக்கி’ ஆக்கிக்கொள்ள இடமளிக்கவில்லை என்பது என் வாசிப்பு. லேபர் ஆபிசில் இதை இப்படியே எடுத்துச் சொல்லுங்கள்.

புகாரைச் சுங்கை பட்டாணித் தொழிலாளர் அலுவலகத்தில் நேரிலும், ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலி வழியாகவும் கொடுக்கலாம். 69ஆம் பிரிவின்படி அங்கே விசாரணை நடக்கும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கறிக்கை, ஒப்பந்தம், விலகல் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.

ஏழாம்படி: மிரட்டல் வரும்போது

போலீசில் புகார் கொடுப்போம் என்பார்கள். வேலையை விட்டு விலகுவது குற்றமல்ல. பாண்ட் தொகை ஒரு சிவில் கோரிக்கை மட்டுமே. திவாலாக்கிவிடுவோம் என்பார்கள். திவால் நடவடிக்கைக்குக் கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும். அடையாள அட்டையையோ அசல் சான்றிதழையோ பிடித்து வைத்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் போலீஸ் புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

தமிழ்நாட்டிலிருந்து உணவகங்களுக்கும் முடிதிருத்தும் நிலையங்களுக்கும் வந்திருக்கும் சகோதரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொருவரின் பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, அந்த இடத்தைவிட்டு வெளியேற விடாமல் தடுப்பது, வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023இல் நடப்புக்கு வந்த 90பி பிரிவின்படி கட்டாய உழைப்பு. தண்டனை 100,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எட்டாம்படி: கடிதமும் சம்மனும்

வழக்கறிஞர் கடிதம் தீர்ப்பல்ல. ஆனாலும் பதில் எழுதுங்கள். பயிற்சிக் கட்டண ரசீது, எச்ஆர்டி கோர்ப் கோரிக்கை விவரம், தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விளக்கம் ஆகியவற்றைக் கேளுங்கள். உங்கள் கணக்கை முன்வைத்து, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் சமரசத்துக்குத் தயார் என்று சொல்லுங்கள். ஒப்பந்தக் கோரிக்கைக்குக் கால வரம்பு ஆறு ஆண்டு. ஆகவே இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை என்பதால் முடிந்துவிட்டதாக எண்ணிக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

சம்மன் வந்தால், 14 நாட்களுக்குள் கோர்ட்டில் முன்னிலையாவதைப் பதிவு செய்ய வேண்டும். 100,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். பயந்து ஒளிந்துகொண்டால், எதிர்ப்பே இல்லாமல் முழுத் தொகைக்கும் தீர்ப்பு கிடைத்துவிடும். 75ஆம் பிரிவு உங்களுக்காகத் தானாக எழுந்து பேசாது. சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அன்றைக்கே அணுகுங்கள். தோட்டத் தொழிலாளராக இருந்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உதவியையும் கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் கதை கோர்ட் வரை போகவில்லை. ரசீதுகளைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஐந்து வாரம் பதிலில்லை. பிறகு நிறுவனத்தார் 1,350 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டு, மூன்று தவணையாகக் கட்டச் சொன்னார்கள். கடைசித் தவணையன்று தாயும் மகளும் சேர்ந்தே போனார்கள். நிறுவனம் முதலில் நீட்டிய ரசீதில் தொகை மட்டும்தான் இருந்தது. முன்பே சொல்லி அனுப்பியிருந்தபடி, ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டோம், பணியாளர் மீதோ ஜாமீன்தாரர் மீதோ இனிக் கோரிக்கை ஏதுமில்லை’ என்ற வரியைச் சேர்த்து, நிறுவன முத்திரையும் குத்தி வாங்கும் வரை, இருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.